ஹவில்தாரின் மீசை

தம்பி,

மீன்கள் செத்ததைக் கேட்ட பிறகு நீ கூப்பிடவில்லை. கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். எங்களிடம் கேட்க உனக்கு வேறு எதுவும் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. போன வருடம் நீ அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னாய். "அந்தக் கல்யாணத்துக்கு நா வரமாட்டேன்" என்று அப்பா சொன்னார். அதோடு நீங்கள் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டீர்கள். அன்றிலிருந்து பெங்களூரிலிருந்து உன் போன் வந்தால் முதல் கேள்வி, "மீன் எப்படிம்மா இருக்கு?" நல்லாயிருக்கு என்பேன். தீனி போட்டியா, தண்ணி மாத்துனியா, ஃபில்டர் ஓடுதா. ஓடுது. சரி, வச்சிடவா. வை. அந்தத் தொட்டியில் மீன் இருந்த வரைக்கும் வாரம் ஒருமுறையாவது உன் குரல் இந்த வீட்டில் கேட்டது. இப்போது ஃபில்டர் சத்தம் மட்டும் கேட்கிறது.

தை மாதம் உனக்குக் கல்யாணம். போனில் சொல்ல வராததை எழுதி அனுப்புகிறேன். நடுநடுவே புத்திமதியும் வரும். பிடிக்காத இடத்தைத் தாண்டிப் போகாதே, அதையும் படி.

கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது நீ அந்தத் தொட்டியை வாங்கி வந்தாய். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கலர்மீன் கடை வைத்திருந்தவன் என்னையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்து, "அக்கா, நீலக் கல்லும் பச்சைக் கல்லும் கலந்து போடுங்க, வீடு கல்யாண வீடு கணக்கா இருக்கும்" என்று சொல்லி மூட்டையாகக் கட்டிக் கொடுத்தான். அந்த வருடம்தான் அப்பா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்திருந்தார். தொட்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏலே, வீட்டுக்குள்ள எதுக்குல குளம்?" என்றார். அடியில் மேய்கிற மீசை மீன்களை நீ கோரி என்பாய். அதில் பெரியதற்கு அப்பாவின் பதவியையே பேராக வைத்தாய். "அம்மா, இவனப் பாரேன். அங்கிட்டும் இங்கிட்டும் ரோந்து சுத்துதான். ஒருத்தரயும் நிம்மதியா இருக்க விடமாட்டேங்கான். மீசைய மட்டும் ஆட்டுதான். ஹவில்தாரேதான்." அப்பா செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். உனக்குப் பயம் வந்துவிட்டது, சட்டென்று மாடிப்படி ஏறிப் போய்விட்டாய். நான் சமையலறையிலிருந்து பார்த்தேன். தாளுக்குப் பின்னால் அவர் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் ஆண்கள் சிரிப்பதும் அழுவதும் எப்போதும் எதற்காவது பின்னால்தான்.

இப்போது ஆடி மாதத்துக்கு வருகிறேன். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். இனி அவர் பேச்சைக் கேட்கிற உத்தேசம் எனக்கு இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பைக்கில் வரும்போது குறுக்கே நாய் ஒன்று ஓடியிருக்கிறது. நாய் தப்பித்தது, அவர் விழுந்தார். மேலுதடு கிழிந்து தையல் போட்டார்கள். தையல் போடுவதற்காக மீசையை எடுத்துவிட்டார்கள். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அந்த மீசை இல்லாமல் அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. மில் வேலைக்குக் கிளம்ப செக்யூரிட்டி சீருடை போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றவர் கையைத் தூக்கி முறுக்கப் போய், இல்லை என்று ஞாபகம் வந்து, கையை இறக்கிக்கொண்டார். வீட்டில் பேச்சு குறைந்தது. ஏற்கெனவே குறைவுதான், இன்னும் குறைந்தது.

அந்த வாரம் நீ வீடியோவில் வந்தாய். நான் போனைத் தொட்டிப் பக்கம் பிடித்திருந்தேன். அப்பா எனக்குப் பின்னால் வந்து நின்றார். உதட்டில் பிளாஸ்திரியோடு, மீசை இல்லாமல், உன் கண்ணில் படுகிற இடத்தில் வேண்டுமென்றேதான் நின்றார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நீ சொன்னாய்: "அம்மா, போனக் கொஞ்சம் கீழ காட்டு. இன்னும் கீழ. ஐயோ, கோரிக்கு மீசையெல்லாம் தேஞ்சு போச்சேம்மா!" அடியில் கிடக்கும் கல் கூர்மை, மீசையால் துழாவித்தான் அது இரை தேடும், துழாவித் துழாவித் தேய்ந்துவிடும், கல் இடுக்கில் அழுக்கு தங்கிப் புண்ணாகும் என்று நீ விளக்கினாய். "கல்ல எடுத்துட்டு மணல் போடணும்மா. ஆத்து மணல். எம்-சாண்டு வேண்டாம், அது உடைச்ச கல்லு, அதுவும் குத்தும். மணல் போட்டா மீசை திரும்ப வளரும்." கலங்கலான அந்தப் படத்தில் விரல் நீள மீனின் மீசை தேய்ந்தது உனக்குத் தெரிந்தது. ஐந்தே முக்கால் அடி மனிதர் தெரியவில்லை. அப்பா பின்பக்கம் போய்விட்டார். ஆனால் நீ சொன்னது அத்தனையும் அவர் காதில் விழுந்திருந்தது.

உன்னை இதற்காகக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வருகிறது. ஆனால் இது உனக்கு எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். நீ கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா எல்லைப் பக்கம் இருந்தார். எதிர்வீட்டுப் போனுக்குக் கூப்பிடுவார். நான் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடுவேன். மூச்சு வாங்க ஹலோ என்றால் அந்தப் பக்கத்திலிருந்து, "நாய் எப்படி இருக்கு?" லீவில் வந்தபோது ஆசைப்பட்டு வாங்கி விட்டுப்போன வெள்ளை நாய். நம்ம ஊர் ஜாதி நாய், அவர் சொன்னால்தான் கேட்கும், என் கையால் வைத்தால் சாப்பிடவே பாதி நாள் யோசிக்கும். நாய்க்குச் சோறு வச்சியா, குளிப்பாட்டுனியா, ஓடவிட்டியா. நீ எப்படி இருக்கே என்று ஒரு தடவை கேட்டிருந்தால் அந்த வாரம் முழுக்க எனக்கு அது போதும். கேட்கத் தெரியாது. கேட்டால் நான் அழுதுவிடுவேன், அவர் அங்கே நிற்க முடியாது என்று பயந்தாரோ என்னவோ. அந்த வயதில் எனக்கு அதெல்லாம் புரியவில்லை. பட்டப்படிப்பு முடித்துவிட்டு நாயைப் பற்றி அறிக்கை கொடுக்கிறேன் என்றுதான் இருந்தது.

உனக்குக் காய்ச்சல் கண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் நான் உன்னோடு கிடந்த நாட்களில் அந்த நாயைப் பாம்பு கடித்துவிட்டது. நாம் திரும்பி வந்தபோது அது கிணற்றடியில் விறைத்துக் கிடந்தது. அடுத்த போனில் சொன்னேன். அவர் கேட்டார்: "ஒரு உயிரப் பாத்துக்கிடத் தெரியாதா ஒனக்கு?" என் இடுப்பில் இன்னொரு உயிர் சூடு ஆறாமல் சாய்ந்து கிடந்தது. அவர் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு எதிர்வீட்டு அக்காவிடம் "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த நாயைப் பற்றி அதற்குப் பிறகு நாங்கள் பேசியதே இல்லை.

இந்தக் கதையை ஞாபகத்தில் வைத்துக்கொள். மணலுக்கு வருகிறேன்.

பின்பக்கம் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த மணல் உனக்குத் தெரியும். உனக்கு மாடியில் அறை கட்ட வேண்டும் என்று, ஆற்று மணல் கிடைத்த காலத்திலேயே பூச்சு வேலைக்கு வாங்கி வைத்தது. நீ அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்ன மறுநாள் அப்பா கொத்தனாரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். மணல் அப்படியே கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரி துளசி மாடம் பூச ஒரு சட்டி கேட்டதற்குக்கூட, "அது ஒரு காரியத்துக்கு வச்சிருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நீ வீடியோவில் வந்துபோன மறுநாள் காலையில் தார்ப்பாய் விலகிக் கிடந்தது.

"சல்லட எங்க இருக்கு?"

"எதுக்கு?"

"கேட்டா எடுத்துக் குடேன்."

என் கோதுமை மாவுச் சல்லடையில் மணலைச் சலித்தார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "என்னண்ணே, மாடிக்குன்னு பொத்திப் பொத்தி வச்ச மணலு, இப்ப மீனுக்கா? எம்புட்டுக் குடுத்து வச்ச மீனு! எந் துளசிக்கு அந்தக் குடுப்பினை இல்ல." அப்பா ஒரு சட்டி மணலை எடுத்து சுவர்மேல் வைத்தார். பிறகு வாளி வாளியாகத் தண்ணீர் விட்டுக் கையால் அளைந்து, கலங்கலைக் கொட்டி, மறுபடி விட்டு, தண்ணீர் தெளியும்வரை கழுவினார். கழுவிக்கொண்டே நிமிராமல் கேட்டார்: "பெங்களூருக்கு இங்கருந்து ரயில் உண்டுமா, விருதுநகர் போயி ஏறணுமா?"

"யாருக்கு?"

"சும்மாதான் கேக்கேன்." இன்னும் ஒரு வாளி கொட்டிய பிறகு, "தை மாசம் அங்க குளுருமோ?"

நான் உள்ளே போய் பீரோவிலிருந்து அவருடைய பட்டு வேட்டியை எடுத்து வந்து வெயிலில் போட்டேன். அவர் அதைப் பார்த்தார். எடுத்து உள்ளே வை என்று சொல்லவில்லை. இந்த வீட்டில் சம்மதம் என்றால் அவ்வளவுதான். உன் கல்யாணத்துக்கு உன் அப்பா வருவதாக இருந்தார், தம்பி. தேதிகூட மில்லில் சொல்லி வைத்திருந்தார். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

மணல் மாற்றிய அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் என் தங்கை மகளுக்கு வளைகாப்பு. காலையில் நாங்கள் இருவருமாகப் பழைய தண்ணீரோடு மீன்களை டப்பில் பிடித்துவிட்டுக் கல்லை அள்ளத் தொடங்கினோம். நீலமும் பச்சையுமாக மேலே மினுங்கிய கல்லுக்கு அடியில் அத்தனை வருடச் சாக்கடை இருந்தது. "நீ கெளம்பு, பஸ்ஸு போயிரும். நா பாத்துக்கிடுதேன்" என்றார். பழைய தண்ணீரைக் கொட்ட வேண்டாம், மணல்மேல் தட்டு வைத்துத் தட்டில் மெதுவாக ஊற்ற வேண்டும் என்று நீ சொன்னதையெல்லாம் சொன்னேன். ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது, மீனின் கழிவை நஞ்சாகாமல் மாற்றுகிற கிருமிகள் அதில்தான் குடியிருக்கின்றன என்று நீ சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அவர் ஃபில்டரைத் திறப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. வாழ்நாள் பாதியை பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக் கழித்த மனிதர். அழுக்கைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது என்பது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

வளைகாப்பில் எல்லாரும் உன்னைத்தான் கேட்டார்கள். "ஏட்டி, ஒம் மவனுக்கு எப்ப? பொண்ணு பாத்தாச்சா?" பாத்தாச்சு என்றேன், வேறொன்றும் சொல்லவில்லை. கை நிறைய வளையலோடு வீடு திரும்பினேன். தொட்டி அவ்வளவு அழகாக இருந்தது. கல்யாண வீடாக இல்லை, பெருக்கித் தண்ணீர் தெளித்த வாசலாக இருந்தது. ஹவில்தார் மணலுக்குள் மூஞ்சியைப் புதைத்துப் புதைத்து எடுத்துக்கொண்டிருந்தான். அப்பா அணிவகுப்பில் நிற்பதுபோல் நின்றார். "எப்பிடி?" என்றார். நல்லாருக்கு என்றேன். பின்பக்கம் கொடியில், அவர் பனியனுக்கும் துண்டுக்கும் நடுவில், கிளிப் போட்டுத் தொங்கியது ஸ்பாஞ்சு. வெயிலில் காய்ந்து மொடமொடவென்று இருந்தது.

"அது எம்புட்டு அழுக்கு தெரியுமாட்டி? கறுப்பு கறுப்பா வந்துச்சு. கொழாயத் தொறந்துவிட்டுப் பிழிஞ்சு பிழிஞ்சு எடுத்தேன். இப்பப் பாரு, கடையில வாங்குன மாதிரி."

நான் வேதியியல் படித்தவள். அமோனியா என்ற சொல் எனக்குள் வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். மீசை எடுத்த பிறகு அந்த முகத்தில் அன்றுதான் வெளிச்சம் இருந்தது. "ரொம்ப நல்லாருக்கு" என்று சொல்லி, ஸ்பாஞ்சை எடுத்து ஃபில்டரில் வைத்து ஓடவிட்டேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் நீ பார்க்கவில்லை. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சிறியவை முதலில் போயின. அப்பா மில்லிலிருந்து வந்து சீருடையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியைத் தொட்டி முன் இழுத்துப் போட்டு, குவளையால் பழைய தண்ணீரை எடுத்து, பிடித்து வைத்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். "செத்த நேரம் பாப்போம். பொறவு சரியாயிரும்." காரணத்தை அப்போதுதான் அவரிடம் சொன்னேன்.

"கழுவுனதாலயா?"

"ஆமா."

"சுத்தமா இருந்தா சாவுமா?"

ஹவில்தார் கடைசியாகப் போனான். அவனை வாளியில் எடுத்துக்கொண்டு போய் முருங்கைமரத்தடியில் அப்பாவே குழி தோண்டினார். மீந்த மணலில் ஒரு பிடியை மேலே போட்டார்.

அன்றைக்குத்தான் நீ கூப்பிட்டாய். கையில் சப்பாத்தி மாவு, அதனால் ஸ்பீக்கரில் போட்டேன். அப்பா கை கழுவிக்கொண்டு நின்றார். செத்துப்போச்சு என்றேன். எல்லாமா என்றாய். எல்லாம். "ஸ்பாஞ்சக் கழுவுனியா?" ஆமா என்றேன். யார் கழுவியது என்று நீ கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை. "எத்தன தடவ சொன்னேன்? ஒரு உயிரப் பாத்துக்கத் தெரியாதாம்மா உனக்கு?" வைத்துவிட்டாய்.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா குழாயை மூட மறந்து நின்றார்.

"நாய் செத்தப்ப நானும் இதத்தான கேட்டேன்."

"ஆமா."

"நீ ஒண்ணும் சொல்லல."

"அப்பவா, இப்பவா?"

"ரெண்டு தடவயும்தான்."

குழாயை மூடினார். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், பட்டு வேட்டியை மடித்து பீரோவில் வைத்தார். "கல்யாணத்துக்கு நீ போயிட்டு வா. நா வரல. அவன் கேட்டது சரிதான்" என்றார். போன வருடம் வரமாட்டேன் என்றது வீம்பு. அதை எப்படியும் கரைத்திருப்பேன். இப்போது சொல்வது வெட்கம். அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். என் வாழ்க்கையில் பாதிக்கு மேல் அந்த ஒரு கேள்வியை முள்ளாக வைத்திருந்தேன். அவர் அதை எடுத்துவிட வேண்டும் என்று எத்தனை நாள் காத்திருந்தேன் தெரியுமா? நீ அதே இடத்தில் குத்திய பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. அதற்கு நான் உனக்கு நன்றி சொல்ல வேண்டுமா? எனக்கு அவ்வளவு பெரிய மனது இல்லை. அவர் அதை உன் முன்னால் ஒருநாளும் சொன்னதில்லை. நீ அப்போது பேச்சே வராத குழந்தை. ஆனாலும் அதே சொற்கள், அதே ஏற்ற இறக்கத்தோடு உன் வாயில் வந்தன. அது எப்படி வந்து சேர்ந்தது என்று பாத்திரம் கழுவும்போதெல்லாம் யோசிக்கிறேன். நாளைக்கு அந்தப் பெண் முன்னாலும் அது உன் நாக்கு நுனிக்கு வரும். அவள் எதையாவது கவனமாகச் செய்து கெடுத்திருப்பாள். அன்றைக்கு நாக்கைக் கடித்துக்கொள். வாயில் ரத்தம் வந்தாலும் பரவாயில்லை. இன்னொன்று. வீட்டில் மீனோ நாயோ செடியோ எது வேண்டுமானாலும் வளருங்கள். அவள் எப்படி இருக்கிறாள் என்று தெரிய வேண்டுமென்றால் அவளைக் கேள். செடியைக் கேட்காதே.

தொட்டி இப்போதும் அதே இடத்தில் இருக்கிறது. மணல் வெள்ளையாக, தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தெளிவாக. ஃபில்டரை நிறுத்தலாம் என்றால் அப்பா விடவில்லை. போனில் தேடிப் படித்திருக்கிறார். கிருமிகள் திரும்ப வளர நாளாகுமாம், அதுவரை அவற்றுக்கு இரை வேண்டுமாம். அதனால் தினமும் காலையில் டியூட்டிக்குக் கிளம்பும்முன் இரண்டு விரலால் ஒரு சிட்டிகை மீன் தீனி எடுத்து அந்த வெறும் தண்ணீரில் தூவுகிறார். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டு, "அண்ணனுக்கு ஒண்ணுமில்லையே? மீனே இல்லாத தொட்டிக்குத் தீனி போடுதாவ" என்று கேட்டாள். ஒண்ணுமில்ல என்றேன். அவசரப்பட்டு மீனை விட்டால் மறுபடி செத்துப்போகும் என்று அவர் எனக்குப் பாடம் எடுக்கிறார். தனக்கு மீன் தேவையில்லை, வருகிறவன் பார்க்கும்போது தொட்டி சரியாக இருக்க வேண்டும் என்கிறார். யார் வருகிறவன் என்று நான் கேட்கவில்லை.

உன் கல்யாணத்துக்கு நான் தனியாக வரமாட்டேன். மேடையில் நின்றுகொண்டு, அவியளுக்கு உடம்பு சரியில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல என்னால் ஆகாது. இரண்டு ஆண்களுக்கு நடுவில் நல்லாயிருக்கு, ஓடுது, போட்டாச்சு என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் அலுத்துவிட்டது. என்னைக் கூப்பிடாதே. அவரைக் கூப்பிடு. நம்பர் மாறவில்லை. முதல் தடவை எடுக்கமாட்டார். இரண்டாவது தடவையும் எடுக்கமாட்டார். அப்பா எடுக்கவில்லை என்று என்னிடம் சொல்லாதே, மறுபடி கூப்பிடு. எடுத்தால் மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அவருக்குக் கூச்சமாக இருக்கும். மீனைப் பற்றியும் பேசாதே.

மீசையைப் பற்றிக் கேள். அது திரும்ப வளர்கிறது, நரைத்துப்போய். தையல் போட்ட இடத்தில் மட்டும் இன்னும் முளைக்கவில்லை.

அம்மா